செல்விக்கு நான் கொண்டுபோகாத மாத்திரை

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னமும் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "தலைவலிக்கா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, அண்ணாமலையாருக்கு" என்பேன். எதிர்வீட்டு ஹெல்கா அம்மாள் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, அது எந்த மூலிகையின் சாம்பல் என்று கேட்பார். இந்தியாக்காரி என்றால் பச்சிலை தெரிந்தவள் என்பது அவருடைய முடிவு. நான் பத்தாவது வரை படித்தவள். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை செய்கிறேன். எந்த விரிப்பை எத்தனை சூட்டில் துவைப்பது என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குக் கிளம்ப இருந்தபோது செல்வி போன் செய்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், வெளிநாட்டார் தங்கும் விடுதி ஒன்றில் சமைக்கிறாள். ஒற்றைத் தலைவலி வந்தால் ரெண்டு நாள் எழமாட்டாள்; வெளிச்சம் பட்டாலே வாந்தி. "அண்ணி, உங்க ஊரு ஓடைக்கரைல ஒரு செடி இருக்காமே, அதோட வேர்ல மாத்திரை பண்றாங்களாம். இங்க தங்கியிருக்கற வெள்ளக்காரம்மா சொல்லுச்சு. வரப்ப எடுத்துட்டு வாங்க. இந்த மண்டைய வெச்சிக்கினு என்னால முடியல."

அந்தச் செடியை நான் தினமும் பார்க்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் ஓடை ஓரமெல்லாம் குடை அகலத்துக்கு இலை விரித்து நிற்கும். இங்கே பெஸ்ட்வுர்ட்ஸ் என்பார்கள், இங்கிலீஷில் பட்டர்பர். அதன் மாத்திரை ஒரு காலத்தில் இங்கே மருந்துக்கடையில் விற்றதாம், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஹெல்கா அம்மாள் இணையத்தில் வாங்கி வைத்திருந்தார். கேட்டதும் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். "இயற்கை! பயமே வேண்டாம்" என்றார்.

பெட்டியில் வைத்துவிட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. செல்வி ஒருமுறை மஞ்சள்காமாலையில் கிடந்து பிழைத்தவள். புட்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். என் அரைகுறை ஜெர்மனில் நான் கேட்டதைக் கேட்டு அங்கிருந்த பெண் பதறிவிட்டாள். "எத்தனை விழுங்கினீர்கள்?" என்று என் கண்ணின் மஞ்சளைத் தேட ஆரம்பித்தாள். நான் இல்லை, என் நாத்தனார், அவளும் இன்னும் விழுங்கவில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு பொறுமையாகச் சொன்னாள். தலைவலிக்கு அது கேட்கும் என்பது முழுப்பொய் இல்லை. விஷத்தைப் பிரித்தெடுத்த வேர்ச்சாற்றை வைத்துச் செய்த சில ஆய்வுகளில், சிலருக்குத் தலைவலி வரும் நாட்கள் குறைந்தன. டாக்டர்கள் சங்கம் ஒன்றுகூட முதலில் பரிந்துரைத்தது. ஆனால் செடியிலேயே ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஈரல் பாதித்ததாகச் செய்தி வந்ததும், அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புட்டியில் விஷம் நீக்கியது என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பமுடியாது என்றாள்.

புட்டியை ஹெல்கா அம்மாளிடமே திருப்பிக் கொடுத்து, நீங்களும் சாப்பிடாதீர்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. ஓர் இந்தியாக்காரி இப்படிப் பேசலாமா என்பது போலப் பார்த்தார்.

ஊரில் அதைவிட மோசம். வெறுங்கையோடு நான் நின்றதும் செல்வி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"ஒரு புட்டி எடுத்துட்டு வர உங்களுக்கு மனசு வரல, இல்ல?"

"ஈரலுக்கு ஆகாதாம், செல்வி. விஷம் எடுத்தாச்சுன்னு நம்பச் சாட்சி பத்தலன்னு மருந்துக்கடையிலயே சொல்லிட்டாங்க."

"தெனம் திருநீறு பூசிக்கிறீங்களே, அதுக்கு எந்தக் கடையில சாட்சி கேட்டீங்க?"

"சாமிய யாரும் தண்ணி ஊத்தி முழுங்கறதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "ஈரலுக்குத்தான் கீழாநெல்லி இருக்கே அண்ணி. ரெண்டையும் சேத்து முழுங்கிட்டா சரியாப்பூடும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு செடி கெடுப்பதை இன்னொரு செடி சரிசெய்யும் என்று ஈரலை வைத்துப் பந்தயம் கட்டுகிறாள். "காமாலையில கெடந்தது நீ. பக்கத்துல உக்காந்து பாத்தது நானு. கொண்டாரமாட்டேன்" என்றேன். தீபத்தன்று அவள் என்னோடு பேசவில்லை. மலையில் ஜோதி தெரிந்தபோதும் தள்ளி நின்றுதான் கும்பிட்டாள். அடுத்த நாள் காலையில் நான் ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றேன். திட்டிக்கொண்டேதான் டாக்டரிடம் வந்தாள்.

வெளிநாட்டுச் செடி என்பதால் அங்கே நம்புகிறார்கள். இந்தியாக்காரி என்பதால் நான் நம்பியாக வேண்டும் என்கிறார்கள் இங்கே. இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். அண்ணாமலையாரிடம் நான் சாட்சி கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். மாத்திரையிடம் கேட்பேன். என் பக்தி இதனால் ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று செல்வி கிரிவலப் பாதையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், இங்கே மதியம். வேலைக்கு நடுவே ஓடைக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். "டாக்டர் குடுத்ததுல வலி கம்மிதான் அண்ணி. சுத்தமா போகல" என்றாள். பிறகு, "எங்க, அந்த இலையக் காட்டுங்க." காட்டினேன். "அடச்சே, சேப்பங்கெழங்கு இலையாட்டம் இருக்கு. இதுக்கா பேசாம இருந்தோம்?" என்று சொல்லிவிட்டு போனை மலைப்பக்கம் திருப்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, போனைக் கைகளுக்கு நடுவே வைத்துக் கும்பிட்டேன்.

பின்னாலிருந்து ஹெல்கா அம்மாளின் குரல், அத்தனை சந்தோஷமாக: "பார், கடைசியில் நீயும் இந்தச் செடியை வணங்குகிறாய்!"

இல்லை என்று திரையைக் காட்டினேன். மலையை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கே என்ன மூலிகை வளரும்?" என்று கேட்டார்.

அதற்குள் செல்வி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் மலை, எனக்கு வலப்பக்கம் அந்த இலைகள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிர்ந்த கல்பாதையில் வெறுங்காலோடு அவள் கூடவே நடந்தேன்.