வைவாவில் நான் கேட்ட கேள்வி

போலி தீட்டா சார்புகள் என்று கணிதத்தில் ஒரு வகை முடிவில்லாத தொடர்கள் உண்டு; அசல் தீட்டா சார்புகள் மாதிரியே நடிக்கும், ஆனால் அவை அல்ல. என் மனைவி வருஷக்கணக்காக அவற்றோடுதான் குடித்தனம் நடத்தினாள். மிச்ச நேரத்தில் என்னோடு. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் கிருஷ்ணகிரியில் வாடகைக்கு இருந்தோம். தெற்கத்திக்காரனான எனக்குப் போச்சம்பள்ளிக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை.

அவளுடைய ஆய்வேட்டை ஒருமுறை திருப்பி அனுப்பிய அதே தேர்வாளர்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கும் வருகிறார் என்று தெரிந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனசு வைக்காவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் போச்சு. போதாக்குறைக்கு அவளுடைய கைடு வேறு ஒரு குண்டைப் போட்டார்.

"சபையில இருந்து ஒரு கேள்வியாவது வரணும்மா. இல்லேன்னா ஒருத்தருக்கும் புரியலைன்னு நினைச்சுக்குவார்."

"நீங்களே கேட்டுடுங்க," என்று அவள் என் தலையில் கட்டினாள். கேள்வியையும் அவளே தயார் செய்து கொடுத்தாள்: 'எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே தீட்டா சார்பு பொருந்துமா?' கம்பெனி பஸ்ஸில் போகவர அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, மந்திரமா?" என்றான் பக்கத்து சீட்டு ஓசூர்க்காரன்.

"ஆமாடே, பொண்டாட்டி உபதேசம்."

வைவா அன்று சமோசாவும் காப்பியும் என் பொறுப்பு. ஷிஃப்ட் முடித்த நண்பர்கள் யூனிஃபார்மோடு வந்து பின்வரிசையை நிரப்பினார்கள். மாமனார் மாங்காய் பறிப்பைக்கூட விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் தடுமாறாமல் பேசி முடித்தாள். தேர்வாளர் சபையைப் பார்த்து, "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன். பாழாய்ப்போன கேள்வி மறந்தே போச்சு!

"மேடம்... இந்தத் தொடர் எங்க போய் முடியும்?"

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. மாமனார் திரும்பி ஒரு முறை முறைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"நல்ல கேள்வி சார்," என்றாள் அவள். கட்டின புருஷனை சாராம்! "இது முடியவே முடியாதுங்க சார். அதனால முழுசா எழுதிப் பார்க்க வழியில்ல. இதுக்குன்னு ஒரு வட்டம் உண்டு; அதோட ஓரத்துல இருக்கிற சில புள்ளிகளை நெருங்கும்போது தொடர் எப்படி நடந்துக்குதுன்னுதான் பார்க்கணும். ஒரு புள்ளிகிட்ட ஒரு தீட்டா சார்பு மாதிரி இருக்கும். இன்னொரு புள்ளிக்குப் போனா வேற ஒண்ணு மாதிரி. எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே தீட்டா இதுவரைக்கும் அகப்படல."

அடி கெட்டிக்காரி! நான் கேட்க மறந்த கேள்விக்கே பதில் சொல்லிவிட்டாள். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, "மேல சொல்லுங்க," என்றார். அதன் பிறகு இருவரும் கரும்பலகைப் பக்கம் நின்று ஏதேதோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவர் மைக்கைப் பிடித்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். கம்பெனிக்காரர்கள் விசிலே அடித்துவிட்டார்கள்.

அவள் மேடையை விட்டு இறங்கி, அப்பா பார்க்கிறாரே என்றுகூட யோசிக்காமல் நேராக வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. இவ்வளவு பயத்தையும் உள்ளே வைத்துக்கொண்டா அப்படிச் சிரித்த முகமாக நின்றாள்? எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.