கறை படாத மருந்து

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். காலையில் சர்ச், மதியம் கோழிக்குழம்பு. பிரசங்கம் நீண்டால் என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கு சந்தேகம் வேதத்தில் இல்லை, கடையில் தொடைக்கறி மிச்சமிருக்குமா என்பதில்தான். களம்பூர் ரைஸ் மில்லில் வாரம் முழுக்க நெல் தூசியில் கிடக்கிற மனிதர், அந்தக் கவலையாவது பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். வாங்குவது அவர் வேலை, கழுவுவது என் வேலை, தின்பது பொது.

மற்ற நாட்களில் நான் பாவு புணைக்கப் போவேன். வெளியூர்க்காரர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிட வேண்டும். தறியில் ஒரு பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், நெய்து தீர்ந்ததும் அதன் கடைசி நுனிகளை அப்படியே தறியில் விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனி ஒவ்வொன்றோடும் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. விரலில் சாம்பல் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். கண்ணால் பார்த்துச் செய்தால் பாவு முடிவதற்குள் கண் போய்விடும். இழை பிடித்ததா, நழுவியதா என்று விரல்தான் சொல்லும். நான் டிவி சீரியல் பார்த்துக்கொண்டே புணைத்திருக்கிறேன். சீரியல்தான் புரியவில்லை.

பட்டு விரலை அறுக்கும். சேலையாகி உடம்பில் ஏறிய பிறகுதான் அது பட்டு, தறியில் இருக்கும்போது கத்தி. கீறல் விழுந்தால் களிம்பு போட முடியாது, பட்டில் பிசுக்கு ஏறும். மஞ்சள் வைத்தால் வெள்ளைப் பாவில் கறை விழும். பிளாஸ்டர் ஒட்டினால் இழை தட்டுப்படாது. அதனால் புணைக்கிற பெண்கள் எங்களுக்குள் ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கி, அதைத் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைக் கீறல் மேல் தூவிக்கொள்வோம். உலர்ந்த தூள். பிசுக்கு இல்லை, கறை இல்லை, உதறினால் போய்விடும். சேலைக்கு ஒன்றும் ஆகாது. விரலுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வலது கை ஆள்காட்டி விரலில் புதுக் கீறல் ஒன்று இருந்தது. மற்றவர்கள் கறிக்கு மஞ்சள் போட்டுப் பிசைந்து கழுவுவார்கள். நான் அதைச் செய்வதில்லை. திங்கட்கிழமை மஞ்சள் விரலோடு போய் வெள்ளைப் பாவில் உட்கார முடியாது. வெறும் தண்ணீரில், வெறும் கையால், எலும்பு இடுக்கில் இருக்கிற ரத்தக் கட்டியெல்லாம் விரலால் தோண்டி எடுத்துச் சுத்தமாகக் கழுவினேன். சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. குழம்பும் நன்றாக வந்தது.

அடுத்த நாள் விரல் நமநமவென்றது. தூள் தூவினேன். அதற்கு அடுத்த நாள் வீங்கியது. இன்னும் கொஞ்சம் தூவினேன். மருந்துக்கடைக்காரர் விரலைப் பார்க்காமலேயே மாத்திரை கொடுத்தார். ஊர் டாக்டர் பார்த்துவிட்டு வேறு மாத்திரை கொடுத்தார். விரல் இரண்டு பேரையும் மதிக்கவில்லை. நுனி கறுக்க ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு என்னை வேலூருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் இரண்டு தடவை என்னிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

வேலூரில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. சீழை எடுத்து அதிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்பினார். பதில் வந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தக் கிருமி நீங்க தூவின மருந்துக்கு சாகல. கடையில குடுத்த மாத்திரைக்கும் சாகல. ஊர்ல டாக்டர் குடுத்ததுக்கும் சாகல. ஊசியா ஏத்தற மருந்து ஒன்னுதான் இதுக்குக் கேக்குது. கறி, கோழி ஏதாவது பச்சையா கையில தொட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழம கோழி கழுவினேங்க."

"பண்ணைங்கள்ல கோழிக்கு நோவு வராம இருக்கவே தண்ணியில ஆன்டிபயாடிக் கலந்து குடுக்கறாங்க. அதுல சாவாம தப்பிச்ச கிருமி கறியோட கடைக்கு வரும். அப்படித்தான் உங்க விரல்ல ஏறியிருக்கும்னு நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரருக்கு இது ஒத்துவரவில்லை. "நானும் அதே கோழியதான் துன்னேன் மேடம். எனக்கு ஒன்னும் ஆவலியே?"

"நீங்க தின்னது வெந்த கோழிங்க. வெந்தா செத்துடும். அவங்க தொட்டது வேகாதது."

கழுவாமல் தின்பவனுக்கு ஆபத்து இல்லை, கழுவிக் கொடுத்தவளுக்குத்தான் ஆபத்து என்பதை அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு வேறு கணக்கு ஓடியது. நானும் அந்தக் கோழியும் ஒரே மருந்தை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேருக்குமே அப்போது நோய் இல்லை.

விரலை எடுக்க வேண்டி வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்த விரலில்தான் இருந்தது. மோதிர விரலாக இருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள் என்றிருப்பேன்.

ஊசி கேட்டது. நுனியில் செத்துப்போன சதையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். விரல் தப்பித்துவிட்டது என்று டாக்டரம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். இனி கறியைத் தேய்த்துக் கழுவாதீர்கள், காயத்தோடு தொடாதீர்கள், கேப்ஸ்யூலைத் தூளாகத் தூவாதீர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

ஊருக்கு வந்ததும் கோழிக்கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடை பாய் என் ஆள்காட்டி விரலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அப்புறம் எப்படி சண்டை போடுவது?

"கோழிக்கு மருந்து குடுக்கறாங்களாமே பாய்?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? விடியகாத்தால லாரி வருது, எறக்கறாங்க, நான் அறுக்கறேன். நல்லா வேக வெச்சி சாப்ட்டா ஒன்னும் ஆவாதும்மா."

"சாப்ட்டதுல வரல பாய், கழுவினதுல வந்துச்சி."

"இது இன்னா பேஜாரா கீது," என்றார். நான் கேட்டதிலேயே உருப்படியான விளக்கம் அதுதான். இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் கறியைக் கையாள்கிறார். கடையிலேயே துண்டு போட்டு வாங்கி வந்து, இடுக்கியால் எடுத்து நேராகச் சட்டியில் போடுகிறார். கோழியை விட்டுவிடலாம் என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை.

கட்டு பிரித்த பிறகு ஒரு தறிக்காரர் பாவு வந்திருக்கிறது என்று கூப்பிட்டனுப்பினார். இந்த மனிதர் எங்கள் பகுதியில் பெயர் போன கோபக்காரர். ஓர் இழை நழுவியிருந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். எனக்குத் தொழில் பழக்கிய என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவார், அவளுக்கே என்ன புணைக்கத் தெரியும் என்று உன்னைப் பழக்கினாள் என்பார். ஆனால் ஒவ்வொரு பாவுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.

உட்கார்ந்தேன். சாம்பல் தொட்டேன். இழைகளை எடுத்து முறுக்கினேன். கட்டைவிரலுக்குத் தெரிந்தது. ஆள்காட்டி விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இழை இருக்கிறதா இல்லையா என்று குனிந்து கண்ணால் பார்த்துப் பார்த்து முறுக்கினேன். மற்ற நாளில் மதியத்துக்குள் வந்திருக்க வேண்டிய இடத்துக்கு சாயங்காலம்தான் வந்தேன். புணைத்து முடித்து அவர் பாவை மெதுவாக முன்னால் இழுத்தபோது, இழைகள் அங்கங்கே பிரிந்து தொங்கின. ஒன்று இரண்டு இல்லை.

நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தவில்லை. குனிந்து, பிரிந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, போடக்கூடாத முடிச்சைத் தானே போட்டார்.

"இந்த தபா பட்டு சரியில்லமா," என்றார். "நீ போய் காபி குடி."

பட்டு நன்றாகத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அவர் கத்தியிருந்தால் மறுநாளும் வேலைக்குப் போயிருப்பேன்.