அலுமாரிக்குப் பின்னால் கேட்ட பதில்

ஹட்டனில் வீட்டுச் சாமான் ஏற்றும் லொறி வைத்திருக்கிறேன். ஒருநாள் தரகர் சுமை தூக்க ஓர் ஆளைக் கூட்டி வந்தார். வந்த ஆளிடம் பெயர் கேட்டேன், தரகர் சொன்னார். ஊர் கேட்டேன்; அதற்கும் தரகரே, "தலவாக்கலப் பக்கமுங்க" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

அன்று ஏற்ற வேண்டிய அலுமாரியை அந்த ஆள் தூக்க, மறுமுனையை நானே பிடித்தேன். லொறிக்குள், வெளியே நின்ற தரகருக்குத் தெரியாதபடி வாசலை மறைத்து அதை நிறுத்திவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன்.

"ஐடென்டி கார்ட அவரு வாங்கி வச்சிருக்காருங்க. தோட்டத்து லயத்துல இருக்கிற வீட்டுக்குப் போகவும் விடுறதில்லங்க."

இறங்கி, தரகரிடம் அடையாள அட்டையைக் கேட்டேன். அவருடைய பைக்குள் ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டு அட்டைகளே இருந்தன. கட்டோடு பொலிசுக்குப் போனோம்.

கட்டின் மேலிருந்த அட்டைப் படத்தின் முகம் போன மாதம் என்னிடம் சுமந்தவருடையது. தரகர் சொன்னபடி நாள் முழுக்க அவரை ராஜா என்றே கூப்பிட்டிருந்தேன். அட்டையில் வேறு பெயர்.

இப்போதெல்லாம் அவரவர் வாயால் பெயர் வரும்வரை நான் லொறியை எடுப்பதில்லை.