தலையில்லாத மெசேஜ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கராஜில், கிறீஸ் கையோடு, அட்டைத் துண்டில் எழுதிய சாமான் பெயர்கள்தான். 'ல'வா 'ள'வா, 'ர'வா 'ற'வா என்று எப்போதும் சந்தேகம். சந்தேகம் வந்த இடங்களில் எழுத்தைக் கொஞ்சம் மங்கலாகப் போட்டிருக்கிறேன். எது சரியோ அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் கூச்சம் என்றால் பேச அதைவிடக் கூச்சம். அதனால் போனில் குரலைப் பதிந்து அனுப்புவது எனக்கு வசதியாகப் போயிற்று. எதிரே ஆள் இல்லை, முகம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதிலும் ஒரு குறை. பேசி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பட்டனில் விரல் சரியாகப் படுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவேன். முதல் இரண்டு வார்த்தை எப்போதும் காற்றோடு போய்விடும். "உங்கட மெசேஜுக்கு எப்பவும் தலை இல்லை பாஸ்" என்று ஒருவர் சிரிப்பார். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஸ்கூல் வேனை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் அவர் கணவருடையது. கணவர் மாரடைப்பில் போன பிறகு, விற்காமல், தானே ஓட்டப் பழகி, பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். அவருடைய அக்கா கதவுப் பக்கம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். வேனுக்கு ஏதாவது என்றால் பாமன்கடைப் பக்கம் இருக்கும் எங்கள் கராஜுக்குத்தான் கொண்டுவருவார்கள். கராஜ் ஒரு நானாவுடையது, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பாஸ் வேலை, அதாவது மெக்கானிக் வேலை, என்னுடையது. ஜிந்துப்பிட்டியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். காலையில் பஸ்ஸில் வருவேன், மாலையில் பஸ்ஸில் போவேன்.

கொழும்பில் கராஜுக்கு வரும் பெண்களை அக்கா என்போம், இல்லாவிட்டால் மிஸ் என்போம். அவரை மட்டும் நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிஸ் என்றால் தூரமாக இருந்தது. அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பதை நெருங்கியவன், கல்யாணம் ஆகாதவன், மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடம் ஒழுங்காகப் படித்தவர். நாங்கள் ஆமா என்போம், அவர்கள் ஓம் என்பார்கள். அவரோடு பேசும்போது மட்டும் நானும் ஓம் என்பேன். நானா அதைக் கவனித்துவிட்டு எனக்கு 'ஓம் பாஸ்' என்று பட்டம் வைத்திருந்தார்.

ஒரு மழை நாளில் அந்த வேனை ஒரு லொறி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். இறங்கியதும், ஏதோ என்னை அடித்துவிட்டவர் போல மெதுவாகப் பேசினார்.

"சூடு காட்டுற ஊசி மேல ஏறினதைக் கண்டனான் பாஸ். நிப்பாட்டியிருக்க வேணும். ரெண்டு பிள்ளையள் மிச்சம் இருந்ததுகள். அந்த மழைக்க, வாகனம் நிறைஞ்ச காலி றோட்டில எங்க இறக்கி விடுறது?"

"நான் நிப்பாட்டு எண்டு சொன்னனான்," என்றார் அக்கா. "இவள் வேனோட கதைச்சுக்கொண்டு வாறாள். கொஞ்சம் பொறு ராசா, கொஞ்சம் பொறு ராசா எண்டு."

"ராசா பொறுக்கல்ல போல ஈக்குது," என்றார் நானா.

எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். தண்ணீரில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தேன். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீரும் ஒயிலும் கலந்துவிட்டன. எஞ்சினுக்கு மேலே மூடிபோல இருக்கும் பாகம்தான் ஹெட். அது சூட்டில் வெடித்திருக்க வேண்டும்.

"ஹெட்டைக் கழட்டணுங்க," என்றேன்.

அவர் வேனின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இது சரி வராட்டி இனி நான் ஓடமாட்டன் பாஸ். வித்துப்போட்டு அக்காவோட ஊருக்குப் போறதுதான். அங்க தம்பியின்ர வீடு இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று அன்று மாலைவரை தேடினேன். என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஹெட்டைக் கழற்றுவதற்கு அவசரப்படக் கூடாது. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் ஹெட் வளைந்துவிடும். தூக்கி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் தலைமுடி போல ஒரு கோடு. லேத் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பார்கள். லேத்காரர் குமிழ் வந்த இடத்தைக் காட்டி, "ஹெட் எக இவரய், மல்லி" என்றார். சிங்களத்தில், ஹெட் முடிந்துவிட்டது தம்பி என்று அர்த்தம். ஒட்டலாம், ஆனால் எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். பிள்ளைகள் போகும் வேன். எனக்கு மனமில்லை.

புதிது கிடைப்பது கஷ்டம். ஜப்பானில் ஓடி முடிந்து இங்கே வரும் ரீகண்டிஷன் ஹெட் ஒன்றுதான் வழி. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினேன். முதலில் கிடைத்ததை லேத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் கசிந்தது, திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்று அச்சு ஒத்துவரவில்லை. நானா போனில் கத்தினார். "ஒனக்குப் பொண்ணு பாத்திருந்தாக்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டோமே தம்பி!"

கடைசியில் ஒன்று கிடைத்தது. காற்றடித்துப் பார்த்தோம், ஒரு குமிழ்கூட வரவில்லை. மட்டம் பிடித்துப் பார்த்தோம், நேராக இருந்தது. ஆனால் பழைய சாமான். சொந்தக்காரரிடம் கேட்காமல் பூட்டக் கூடாது என்பது எங்கள் கராஜ் வழக்கம். லேத் கடை வாசலில், லொறிச் சத்தத்துக்கு நடுவில் நின்று அவருக்குக் குரல் அனுப்பினேன்.

நான் சொன்னது இது: "ஹெட் கிடைச்சிருச்சுங்க. கொஞ்சம் பழசுதான். ஆனா உள்ள ஒரு பழுதும் இல்லை. நீங்க ஓமுன்னா நாளைக்கே கட்டிருவோம்."

எஞ்சினைப் பூட்டுவதை நாங்கள் கட்டுவது என்றுதான் சொல்வோம். கராஜில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு.

ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டு திரீவீலில் கராஜுக்கு வந்து சேர்ந்தேன். வெகுநேரம் பதில் இல்லை. நான் எஞ்சின் பிளாக்கின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. ஒரே ஒரு வார்த்தை.

"ஓம்."

மிகவும் மெதுவாக இருந்தது. பின்னால் அவருடைய அக்கா எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

நானா எட்டிப் பார்த்தார். "ஒத்துக்கிட்டாங்களா? பழைய சாமான்னு தெளிவா சொன்னியா நீ? பொறகு நம்மளைக் கொற சொல்லக் கூடாது. போடு, கேப்போம்."

போட்டேன். என் குரல் வந்தது.

"கொஞ்சம் பழசுதான். ஆனா உள்ள ஒரு பழுதும் இல்லை. நீங்க ஓமுன்னா நாளைக்கே கட்டிருவோம்."

அவ்வளவுதான். ஹெட் என்ற பேச்சே அதில் இல்லை.

நானா என்னைப் பார்த்தார். பிறகு டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்வே! டேய் தம்பி, நீ என்னத்தக் கேட்டிருக்கேன்னு வெளங்குதா ஒனக்கு?"

விளங்கியது. காது இரண்டும் எரிந்தன. அவர்கள் பேச்சிலும் சரி, எங்கள் பேச்சிலும் சரி, கட்டுவது என்றால் கல்யாணமும்தான். கொஞ்சம் பழசு, உள்ளே பழுதில்லை. என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

"இன்னொரு மெசேஜ் அனுப்பிடு," என்றார் நானா. "ஹெட்டைத்தான் சொன்னேன், வேற ஒண்டுமில்லைன்னு சொல்லு."

போனைக் கையில் எடுத்தேன். பட்டன் மேல் விரலை வைத்தேன். வேறு ஒன்றும் இல்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வது? அது பொய். ஒரு நாளும் கேட்கத் துணியாததை போன் கேட்டுவிட்டது, ஓம் என்று பதிலும் வந்துவிட்டது. அந்த ஓம் ஹெட்டுக்கா, எனக்கா? ஹெட்டுக்கு என்றால் நான் திருத்தத் தேவையே இல்லை. எனக்கு என்றால், திருத்துவது வேண்டாம் என்று சொல்வதாகிவிடும். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மீண்டும் சுரண்டினேன். நானா எழுந்து போனார். எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் யாருக்கும் ஊற்றிக் கொடுப்பவர் இல்லை.

அடுத்த நாள் காலை அவர்கள் இருவரும் வந்தார்கள். அக்கா கையில் சாப்பாட்டுப் பாத்திரம். அவரோ எப்போதும் போடும் சல்வார்தான் போட்டிருந்தார். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். விசேஷமாக ஒன்றும் உடுத்தி வரவில்லை. அப்படியானால் ஹெட்டுக்குத்தான் என்று நினைத்தேன். மனம் கொஞ்சம் இறங்கியது. கையும் நிதானத்துக்கு வந்தது.

புது கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை மெதுவாக இறக்கினேன். கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. கட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஒரேயடியாக இறுக்கக் கூடாது. முதல் சுற்று லேசாக, அடுத்தது இன்னும் கொஞ்சம், கடைசியில்தான் முழு இறுக்கம். அளவு வந்ததும் டோர்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும். அவர் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிமிரவே இல்லை. டைமிங் பெல்ட்டைப் போட்டு, மற்றதெல்லாம் பூட்டி, புது ஒயில் விட்டு, தண்ணீர் நிரப்பி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன். "ஊசியைப் பாத்துச் சொல்லுங்க."

எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு பிடித்தது. நான் ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த காற்று கொஞ்சம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் அசையாமல் நின்றது. குமிழ் இல்லை.

"ஏறுது," என்றார் அவர் உள்ளே இருந்து. கொஞ்சம் பொறுத்து, "ஏறுது பாஸ்." பிறகு, "நடுவில நிக்குது. அசையேல்லை."

"நிக்கட்டுங்க."

"கட்டியாச்சோ?"

"கட்டியாச்சுங்க."

"எஞ்சின் மட்டுந்தானோ?"

பொனட் திறந்திருந்தது. அவருக்கு என் முகமும் எனக்கு அவர் முகமும் தெரியவில்லை. அது இல்லாவிட்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அதற்குப் பின்னால் நின்றுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"அந்த மெசேஜ்ல முதல் ரெண்டு வார்த்தை விழலைங்க. ஹெட் கிடைச்சிருச்சுன்னுதான் சொன்னேன்."

அக்கா பாத்திரத்தைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். வேன் கதவு திறந்து அவர் இறங்கும் சத்தம் கேட்டது. பொனட்டைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உங்கட மெசேஜுக்கு எப்பவும் தலை இல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "என்ன விட்டுப்போயிருக்கும் எண்டும் தெரியும். என்ர வேனின்ர ஹெட் எங்க போனது எண்டு எனக்குத் தெரியாதோ? தெரிஞ்சுதான் ஓம் எண்டனான். நீங்கள் திருத்தி ஒண்டு அனுப்புவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அனுப்பேல்லை."

"அனுப்ப மனசு வரலைங்க."

"அதுதான் இண்டைக்கு வந்தனான்."

"வேன் ஓடாம எப்பிடி வந்தனாங்கள் எண்டும் கேளுங்கோ பாஸ்," என்றார் அக்கா. "விடிய எழும்பி, ரொட்டியும் கறியும் காச்சி, பஸ்ஸில தொங்கி. என்னை ஊருக்குத் துரத்தப் பாக்கிறாள், தான் இங்க நிக்கப் போறாளாம்."

நானா உள்ளே இருந்து, "ஓம் பாஸ்!" என்று கத்தினார். நான் கையைத் துடைக்கத் துணி தேடினேன். அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். வெள்ளைத் துணி. வேண்டாம் என்றேன். பிடியுங்கோ என்றார். அந்தக் கறை இன்றுவரை போகவில்லை.

கல்யாணத்தைக் கோயிலில் சின்னதாகச் செய்தோம். அடுத்த பள்ளித் தவணை தொடங்கி முதல் வாரம், அவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த பிறகு, வெள்ளிக்கிழமை. அக்கா ஊருக்குப் போகவில்லை. கதவுப் பக்கத்தில் இன்னும் அவர்தான். கொஞ்ச தூரம் ஓடியதும் ஹெட் போல்ட்டுகளை ஒரு தரம் பார்த்து இறுக்க வேண்டும். அதை வீட்டு வாசலில் வைத்தே செய்தேன்.

அந்த மெசேஜ் அவருடைய போனில் இன்னும் இருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் போட்டுக் கேட்பார். "கொஞ்சம் பழசுதான்" என்ற இடத்தில் கோபம் முடிந்துவிடும். விட்டுப்போன வார்த்தையை இப்போது சொல்லுங்கோ என்று பல தரம் கேட்டிருக்கிறார். சொல்லத் தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் கூச்சம் வரும். "அப்ப எழுதித் தாங்கோ," என்றார். "எழுதினால் தலை வெட்டுப்படாது."

அதனால் எழுதினேன். இதை வாசிக்கும்போது 'ல'வையும் 'ள'வையும் திருத்தப்போகிறார். திருத்தட்டும். இந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹெட் கிடைச்சிருச்சுங்க.

ஐப்பசி மாதம், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.