கேட்டவர் இல்லையென்றால்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் தொலைபேசி நிலையத்தில் நான் ஆபரேட்டராக இருந்தேன். எந்த அழைப்பை யாருக்கு இணைப்பது என்பதற்கு ஏகப்பட்ட விதிகள் இருந்தன. ஷிப்டுக்கு ஒன்று, சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒன்று. புதிதாகச் சேர்ந்த பெண்கள் குழம்பிப்போனார்கள். எங்கள் அதிகாரி கேட்டுக்கொண்டதால் எல்லாவற்றையும் நீக்கி ஒரே விதியாக்கினேன்: கேட்டவர் இடத்தில் இல்லையென்றால் அழைப்பு அவருடைய மேலதிகாரிக்குப் போகும். அதிகாரி மனதாரப் பாராட்டினார்.

அந்த வாரமே, நான் சாப்பிடப் போயிருந்தபோது, கடைத்தெரு மளிகைக்கடையிலிருந்து அம்மா என்னைக் கேட்டு போன் செய்தார். ஸ்விட்ச்போர்டில் இருந்த பெண் விதிப்படி அதிகாரிக்கு இணைத்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அவர் எங்கள் அறையில் நின்றிருந்தார்.

"உங்கம்மா பேசினாங்க. யாரோ கிளார்க்குன்னு நெனச்சி எங்கிட்டயே சொல்லிட்டாங்க," என்றார். சேதியை ஒன்றுவிடாமல் சேர்ப்பதுதான் முறை என்று நினைத்திருப்பார் போல. "மாப்பிள்ளை வீட்ல வேணான்னுட்டாங்களாம். நாள் பூரா கண்ட ஆம்பளைங்களோட பேசற பொண்ணு அவங்களுக்கு வேணாமாம். நீங்க அழக்கூடாதாம்."

மற்ற பெண்கள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரிங்க சார்," என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்து வந்தது ஓர் ஆணின் குரல். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அம்மா, "சேதி சொன்னாங்களா? அந்த கிளார்க்கு இன்னா பொறுமையா கேட்டுக்கினாரு தெரியுமா, நல்ல மனுசன்," என்றார். தலையாட்டினேன்.

அந்த விதியை மாற்றிவிடலாமா என்று அதிகாரியிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. ஏன் என்று கேட்பாரே.