சட்டை மாற்றப் போன பன்னிரண்டு நிமிடம்

அன்று காலை டாங்க்கின் அடியில் மூன்று பேர் இருந்தோம். கஸ்டமர் தரப்பு இன்ஸ்பெக்டர் வாசுதேவன், எங்கள் கம்பெனி ஃபிட்டர் டில்லி, ஜூனியர் இன்ஜினியரான நான். வராதவர் எங்கள் மேனேஜர் சேதுராமன். கிண்டியில் ஹெட் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் அன்றுதான் முதல்முறை வருகிறார். என்னை அவருக்கு அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லை. அது ஒரு குறையாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இடம் எண்ணூர். ஒரு தொழிற்சாலைக்குள் நாங்கள் கட்டிய ஸ்டோரேஜ் டாங்க், எட்டு மீட்டர் உயரம். அன்று அதை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த மாதமே என் புரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாகும். சைட்டுக்கு என்ன உடுத்திப் போவது என்று புதிதாகச் சேருகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். அந்த டாங்க்கின் கதையைத்தான் சொல்கிறேன்.

வெள்ளையும் காக்கியும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். வேலைக்கு ஆர்டர் வந்ததும் வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப்போய் மூன்று வெள்ளைச் சட்டையும் ஒரு டையும் வாங்கிக் கொடுத்தார். "சட்டையில அழுக்கு படாத வேலைக்குத்தான்டா உன்னை படிக்க வச்சேன்" என்றார். எம்.கே.பி. நகரில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் டை கட்டத் தெரியாது. கடைக்காரரே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்த முடிச்சை அவிழ்க்காமல் தலைவழியாக மாட்டி, தலைவழியாகவே கழற்றுவேன்.

சைட்டில் முதல் நாளே டில்லி கேட்டார்: "இன்னா சார், மாத்திரை விக்க வந்துகிறியா? இங்க யாருக்கும் ஜொரம் இல்லியே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெல்டிங்கைப் பற்றி நான் கேட்டால் பதில் பாதிதான் வரும். "ஓரமா நில்லு சார், சட்டை கலீஜ் ஆயிடும்" என்பார். அக்கறையில் சொன்னதல்ல அது. இரண்டாவது வாரம் கிரைண்டிங் பொறி பட்டு அந்தச் சட்டையில் ஒன்பது ஓட்டை. அப்பாவிடம் சொல்லாமல் காக்கி தைத்துக்கொண்டேன்.

காக்கி போட்டு மேன்ஹோல் வழியாக உள்ளே தவழ்ந்து போன அன்று டில்லி தன் டார்ச்சை என் கையில் கொடுத்தார். வெல்டிங் ஓரத்தில் தகடு அரிபட்டுப் பள்ளமான இடம், அதுவரை யாரும் காட்டாத ஒரு அண்டர்கட்டைக் காட்டினார். "தோ பாரு சார். வெளிய நின்னு எட்டிப் பாத்துகினு இருந்தியானா இத்த நான் சொல்லியிருக்க மாட்டேன்."

ஆனால் அதே காக்கியோடு கேஸ்கெட் வாங்கக் கஸ்டமரின் ஸ்டோர்ஸுக்குப் போனபோது, கிளார்க் அரை மணி நேரம் நிற்க வைத்தார். "உங்க சார் கையெழுத்து வேணும்பா, வாங்கிட்டு வா." சீட்டில் இருந்ததே என் கையெழுத்துதான். நான் வாதாடவில்லை. எங்கள் கன்டெய்னர் ஆபீசுக்குப் போய் வெள்ளைச் சட்டையும் டையும் மாட்டிக்கொண்டு திரும்பினேன். அதே கிளார்க், அதே சீட்டு.

"வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

அரை மணிக்கு முன்னால் வந்தவன்தான் நான் என்று அவருக்குத் தெரியவே இல்லை. டீயைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து கன்டெய்னர் ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை எப்போதும் தொங்கும். மேலே ஏறக் காக்கி, கஸ்டமரிடம் பேச வெள்ளை. பெரிய வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்.

வென்ட்

டாங்க்கில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்தோம். ஒழுகல் இல்லை. அன்று இன்ஸ்பெக்டர் முன்னால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் கையெழுத்து. முந்தின நாள் மாலை மேற்கூரைக்கு ஏர் டெஸ்ட். அதற்காகக் கூரையில் காற்றுப் போகும் வழியான வென்ட்டை பிளைண்ட் என்ற இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு மூடியிருந்தோம். டெஸ்ட் முடிந்ததும் பிளைண்டைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் கீழே தண்ணீரைத் திறந்துவிட்டால், வெளியேறும் தண்ணீரின் இடத்துக்கு வரக் காற்று இருக்காது. டாங்க் உறிஞ்சிய ஜூஸ் பாக்கெட் மாதிரி உள்ளே ஒடுங்கிவிடும்.

அதைச் சரிபார்க்கத்தான் காலையில் மேலே ஏறினேன். பிளைண்ட் அப்படியே இருந்தது. என்னிடம் ஸ்பேனர் இல்லை. டில்லியின் பை கீழே இருந்தது. வேகமாக இறங்கினேன். படிக்கட்டின் அடியில் இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், வால்வை இப்ப திறக்க வேணாம், மேல…"

"உங்க இன்ஜினியர் எங்கப்பா?"

"சார், அது வந்து…"

"பதினோரு மணிக்கு எனக்கு வேற இடத்துல இன்ஸ்பெக்‌ஷன். நீ போய் உங்க சாரை வரச்சொல்லு. அவர்கிட்ட பேசிக்கிறேன்."

நான்தான் இன்ஜினியர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துருவும் வியர்வையுமாக நின்று அதைச் சொல்வது எனக்குக் கேவலமாகப் பட்டது. சொன்னாலும் நம்புவாரா என்று வேறு யோசனை. ஸ்டோர்ஸில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று நினைத்தேன். முப்பது அடி தள்ளி வால்வு பக்கத்தில் நின்ற டில்லியைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டிவிட்டுக் கன்டெய்னரை நோக்கி ஓடினேன்.

கை கால் கழுவி, சட்டையை மாற்றி, இன் பண்ணி, டையைத் தலைவழியாக மாட்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் டம் என்று ஒன்று. பிறகு பெரிய தகர டின்னை யாரோ காலால் நசுக்குவதுபோல நீளமாக ஒன்று.

ஓடி வந்து பார்த்தேன். டாங்க்கின் மேல் பாதி ஒரு பக்கமாக உள்ளே குழிந்து மடிந்திருந்தது. டில்லி வால்வை மூடிவிட்டு அதைப் பிடித்தபடியே நின்றார். இன்ஸ்பெக்டர் என் சட்டையைப் பார்த்தார், டையைப் பார்த்தார்.

"வாங்க சார். நீங்கதான் இன்ஜினியரா? இவ்வளவு நேரம் எங்க சார் போயிட்டீங்க?"

அந்த இரண்டு 'சார்' போல என்னைச் சுட்டது வேறு எதுவும் இல்லை.

டில்லி என்னைத் தனியே கூப்பிட்டார். "அவரு தொறன்னாரு. சார் இருக்கச் சொன்னாருன்னேன். எந்த சாருன்னு கேட்டாரு. திரும்பிப் பாத்தா நீ இல்ல. காக்கியோட நீ அங்கியே நின்னுகினு இருந்தா, எவன் சொன்னாலும் நான் தொறந்திருக்க மாட்டேன் சார். இன்னாத்துக்குப் போனே?"

டையைத் தலைவழியாகக் கழற்றினேன்.

ரிப்போர்ட்

உடைக்கு மரியாதை உண்டு. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வெள்ளைக்கு நாற்காலி கிடைக்கும், காக்கிக்கு டார்ச் கிடைக்கும். இரண்டும் நம் வேலைக்கு வேண்டும். ஆனால் ஆபத்து என்று தெரிந்த பிறகு, போட்டிருக்கும் சட்டையோடு அங்கேயே நின்று சத்தம் போட வேண்டும். நம்மை யார் என்று தெரியாதவரிடம் பேர் சொல்லிப் பதவியைச் சொல்வதில் கேவலம் எதுவும் இல்லை. இன்று என் சைட்டில் எந்த டெஸ்ட்டும் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து, யார் சொன்னால் வேலை நிற்க வேண்டும் என்று ஆளைக் காட்டிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் பெரும்பாலும் காக்கியில்தான் இருப்பார்.

மறுநாள் சேதுராமன் சார் என்னிடம் ரிப்போர்ட் எழுதச் சொன்னார். காரணம் என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதினேன்: வென்ட் பிளைண்ட் கழற்றப்படவில்லை. வால்வைத் திறக்கவிடாமல் தடுக்க வேண்டிய இன்ஜினியர் சட்டை மாற்றப் போயிருந்தார்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டாவது வரியைக் கஸ்டமருக்கு அனுப்ப முடியாதுப்பா."

"முதல் வரியை மட்டும் அனுப்பினா பழி டில்லி மேல போகும் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு இரண்டு வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். டில்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. தொகை என்ற கட்டத்தை அக்கவுண்ட்ஸ்காரர் நிரப்பினார். புது பிளேட், ரோலிங், வெல்டிங், கிரேன் வாடகை, மறு டெஸ்ட், தாமதத்துக்குக் கஸ்டமர் பிடித்துக்கொண்டது எல்லாம் சேர்த்து, இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.