ஹாஜரா ராத்தா வீட்டு மாப்பிள்ளை

முதல் வாழைப்பழத்தை ஹாஜரா ராத்தாதான் கடிக்க வேண்டும். கம்பி வலைக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தோலை உரித்து, எல்லாரும் பார்க்க ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கியும் காட்டுவார். உள்ளே நான்கு சிம்பன்சிகள் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். பழம் இறங்கியது உறுதியான பிறகுதான் கூட்டத்தின் பெரியவர் கையை நீட்டுவார். நால்வரும் ஒரு காலத்தில் சர்க்கஸில் இருந்தவர்கள். அங்கே பழத்துக்குள் மயக்க மருந்தை வைத்துக் கொடுத்துத்தான் அவர்களை வண்டியில் ஏற்றுவார்களாம். பன்னிரண்டு வருஷமாகியும் அவர்களுக்கு அது மறக்கவில்லை. ராத்தாவும் சளைக்காமல் தினம் ஒரு பழம் தின்கிறார்.

ரங்கூனின் பபேடான் பகுதியில் எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் அவர் குடியிருக்கிறார். அக்காவை முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னை அவர் 'சயா' என்பார். எழுதப் படிக்கத் தெரிந்த எவனையும் இந்த ஊர் வாத்தியார் என்றுதான் மதிக்கிறது. ராத்தாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கன்னத்தில் வட்டமாகத் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, தலையில் முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ். வட்ட ரயிலில் இன்சீன் போய், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி போனால் அவர் வேலை பார்க்கும் விலங்குக் காப்பகம் வரும். ஒரு மர வியாபாரி தம் தோட்டத்தில் ஆரம்பித்தது. கரடி, கிப்பன் குரங்கு, கிளி எல்லாம் இருக்கின்றன. சமையற்கட்டில் பப்பாளி நறுக்கத்தான் ராத்தாவை வேலைக்கு வைத்தார்கள். சிம்பன்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், கடி வாங்கி ஓடிப்போனார். நறுக்கிய பப்பாளியை உள்ளே கொடுக்க ஆளில்லாமல் போன அன்றே ராத்தாவுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது.

மரியாதை விஷயத்தில் மிகவும் கறாரானவர். பர்மியர்கள் பெரியவர்களின் பேருக்கு முன்னால் ஆணென்றால் ஊ, பெண்ணென்றால் டோ சேர்ப்பார்கள். ராத்தாவின் கூண்டிலும் அதே சட்டம். தலைவர் ஊ போஜி. நரைத்த தாடையும் தொங்கிய உதடுமாக எந்நேரமும் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் கிழவி டோ மியா. அவளை ஒட்டியே திரியும் இரண்டு இளம் பெண்கள் மா ஏயும் மா சூவும். ஒரு தடவை நான் வாய் தவறி, "போஜி தூங்குதா?" என்று கேட்டுவிட்டேன். ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவரு வயசு என்ன, ஒங்க வயசு என்ன சயா? ஊ போஜி ரெஸ்ட் எடுக்கறாருன்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து என் ஆபீஸ் மேலதிகாரிக்குக் கொடுக்கிற மரியாதையை ஊ போஜிக்கும் கொடுத்து வருகிறேன்.

இன்னொரு விசித்திரம், ராத்தா பல் தெரியச் சிரிக்கமாட்டார். உறவுக்காரர் கல்யாணப் போட்டோக்களில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பார். மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். அலோன் துறைமுகத்தில் கிடங்குக் காவல் பார்க்கும் அவருடைய கணவர் சுலைமானும் இந்தக் குறையை என்னிடம் சொல்லியிருக்கிறார். ராத்தாவிடமே காரணம் கேட்டேன். "ஊ போஜி ஆளுங்கள்ல பல்லக் காட்டுனா பயந்துட்டோம்னு அர்த்தம் சயா. பன்னெண்டு வருஷமா வாய மூடி மூடி எனக்கு இப்ப இதான் சிரிப்பு" என்றார் உதட்டைத் திறக்காமலே.

போன ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், ஐந்தாவதாக ஒரு ஆள் வந்து சேர்ந்தான். எட்டு வயதுப் பையன். யாரோ ஒரு கப்பல்காரர் வளர்த்து, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் காப்பகத்து வாசலில் விட்டுப் போனது. தன் இனத்தையே பார்த்தறியாதவன். கரண்டியால் சாப்பிடுவான், சட்டை போடத் தெரியும். சக சிம்பன்சியைக் கண்டால் மட்டும் மூலைக்குப் போய் முகத்தை மூடிக்கொள்வான். ராத்தா அவனுக்கு வைத்த பெயர் மாப்ள.

"எங்க பக்கம் பொண்ணு மாமியார் வூட்டுக்குப் போவாது, மாப்ளதான் பொண்ணு வூட்டுக்கு வருவாரு" என்று எனக்கு விளக்கினார். அவருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றிலிருந்து கப்பலேறியவர்கள். அந்த வழக்கத்தை நான்கு தலைமுறையாக ரங்கூனிலும் விடவில்லை. "புதுசா வந்த மாப்ள நாலு நாளு இப்படித்தான், வாயே தொறக்க மாட்டாரு. மாமியா வூட்டுச் சோறு வவுத்துல எறங்குனா சரியாப்போவும்."

மாப்பிள்ளை சோற்றுக்கு அவர்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு. சகன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். ஒரு சகனில் கை நனைத்தவர்கள் அப்புறம் அந்நியர் இல்லை. ராத்தா அதை அப்படியே நம்பினார். ஜூன் மாதம் பள்ளிவாசல் சமையற்கட்டுக்குப் போய், அதன் பொறுப்பாளர் பர்கத்துல்லா பாயிடம் கல்யாணத்துக்கென்று சொல்லி ஒரு சகன் இரவல் வாங்கினார். வேகவைத்த சோறு, பயறு, பப்பாளி, நிலக்கடலை எல்லாம் குவித்துச் சிம்பன்சிகள் உலவும் முற்றத்தின் நடுவே வைத்தார். ஒரு பக்கக் கதவைத் திறந்து நால்வரையும், மறுபக்கக் கதவைத் திறந்து மாப்பிள்ளையையும் விட்டார்.

ஊ போஜி சகனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அதைத் தூக்கினார். சோறு நாலாபக்கமும் சிதற, அந்தப் பித்தளைத் தட்டைத் தரையில் அடித்து, இழுத்து, உருட்டி, முற்றம் முழுக்க இடி முழக்கிக்கொண்டு ஓடினார். இவ்வளவு சத்தம் போடும் ஆயுதம் அவருக்கு அதற்கு முன் கிடைத்ததே இல்லை. அந்த ஓட்டத்திலேயே மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். மேற்பார்வையாளர் ஊ சோ டின் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பிரிப்பதற்குள், மாப்பிள்ளையின் வலது கைச் சுண்டுவிரல் பாதி போய்விட்டது.

ராத்தா அன்று அழுத அழுகை அவர் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுவாரம் வந்த கால்நடை டாக்டர் விஷயத்தை உடைத்தார். காட்டுச் சிம்பன்சிகளில் பெண்தான் பிறந்த கூட்டத்தை விட்டு அடுத்த கூட்டத்துக்குப் போகுமாம். ஆண் எங்கேயும் போகாது. வேற்றுக் கூட்டத்து ஆண் வந்தால் தலைவன் உயிரோடு விடுவது அபூர்வமாம். "பாருங்க சயா, அவங்கள்ல மருமவதான் வருவாளாம், மாப்ள வர்றதே இல்லியாம். இது தெரியாம நான் எங்க வூட்டு வழக்கத்த அங்க கொண்டுபோயி வச்சேன். அந்தப் புள்ள வெரலு போனது என்னாலதான்" என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

காப்பகத்தின் நிர்வாகக் கமிட்டி கூடியது. எல்லையோர ஊரில் ஹோட்டல் நடத்தும் ஒருவர், மாப்பிள்ளையைச் சட்டை மாட்டி வாசலில் நிறுத்தக் கேட்டிருந்தார். ஊ சோ டின் கெட்ட மனிதர் இல்லை. "ஆயுசு முழுக்கத் தனிக் கூண்டுல கெடக்கறதுக்கு அது மேல், டோ ஹாஜரா. நவம்பர் விளக்குத் திருவிழா வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள கூட்டத்துல சேரலன்னா அனுப்பிடுவோம்" என்றார். நெளிந்த சகன் காப்பகத்துச் சமையற்கட்டு ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் பர்கத்துல்லா பாய் கேட்பார், ராத்தாவும் தருகிறேன் தருகிறேன் என்பார். "மாப்ள ஒக்காராத சகன எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திருப்பிக் குடுக்கறது?" என்பது அவர் வாதம்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நான் வியக்கிறேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு மாதம் முக்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு இவர்களைச் சேர்க்காது, பிரிக்கத்தான் செய்யும் என்று கண்டுகொண்டார். பெரியவருக்கு முதல் பங்கு, அப்புறம் கிழவி, அப்புறம் பெண்கள், ஆளுக்கொரு கூடை. சேர்த்துவைப்பது விரல்கள்தான். மத்தியான வெயிலில் ஒருவர் முதுகை ஒருவர் மயிர் பிரித்து, அழுக்கும் பொருக்கும் எடுத்து, உதட்டை மெல்லச் சப்புக்கொட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் அடித்துக்கொண்டவர்கள் சாயங்காலம் அப்படி உட்கார்ந்தால் வழக்குத் தீர்ந்தது. இன்னொன்றையும் கண்டார். ஊ போஜி கோபமாயிருந்தால் மா ஏ நேரே அவரிடம் போவதில்லை. டோ மியாவிடம் போகிறாள். கிழவி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, இவள் மணிக்கட்டை மடக்கிப் புறங்கையை நீட்டுகிறாள். நான் சின்னவள், கடித்துவிடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். "ஊருக்கு ஊ போஜி பெரியவரு. வூட்டுக்குப் பெரியவ டோ மியாதான் சயா. நான் போயும் போயும் மாமனார்கிட்ட மாப்ளய விட்டேன், மாமியாகிட்ட விட்டிருக்கணும்" என்றார்.

மாப்பிள்ளையின் கூண்டைக் கிழவியின் படுக்கைக்கு அடுத்ததாக மாற்றச் சொன்னார். நடுவில் ஒரு கம்பி வலை. தினமும் மத்தியானம் அந்த வலையருகே உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டு, மாப்பிள்ளை பார்க்கும்படி டோ மியாவின் முதுகைக் கோதிக் கொடுப்பார். சப்புக்கொட்டும் சத்தத்தையும் விடுவதில்லை. நாற்பது நாள் கிழவி மாப்பிள்ளையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்பத்தோராம் நாள், ராத்தா தொழுகைக்கு எழுந்து போன நேரத்தில், அவள் முதுகை அவன் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். திரும்பி வந்தபோது, விரல் குறைந்த அந்தக் கை வலைக்குள் நுழைந்து நரைமயிரைப் பிரித்துக்கொண்டிருந்தது. ராத்தா முக்காலியில் உட்காரக்கூட இல்லை. அசைந்தால் கெட்டுவிடும் என்று நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

இதற்குள் ரமலான் வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் மட்டும் முதல் பழத்தைக் கடிக்கும் பொறுப்பு காவலாளி கோ தெய்னுக்குப் போய்விடும். நால்வருக்கும் அது பிடிப்பதில்லை. டோ மியாவுக்கு வேறொரு கவலை. ராத்தா சாப்பிடவில்லையே என்று தன் பழத்தில் பாதியைப் பிய்த்து வலை வழியே நீட்டுவாள். "நோன்புடி டோ மியா. பொழுது சாஞ்சு மஃரிபு ஆவட்டும்" என்று ராத்தா அதை வாங்கி மடியில் கட்டிக்கொள்வார். எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று சொல்கிறேன்: அந்த மாதம் முழுக்க அவர் நோன்பு திறப்பது அந்தக் கசங்கிய பாதிப் பழத்தில்தான்.

கெடு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சிலிருந்து நேரே போயிருந்தேன். டோ மியாவை முன்பே மாப்பிள்ளையின் கூண்டுக்குள் விட்டிருந்தார்கள்; அதற்கும் முற்றத்துக்கும் நடுவிலிருந்த கதவைத் திறப்பதென்று முடிவாகியிருந்தது. ஊ சோ டின் தண்ணீர்க் குழாயோடு நின்றார். நான் எல்லாருக்கும் பின்னால், கேட்டுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக நின்றேன்.

கதவு திறந்ததும் டோ மியாதான் முதலில் வந்தாள், அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை. ஊ போஜியின் மயிர் அத்தனையும் சிலிர்த்து, ஆள் இரண்டு மடங்காகத் தெரிந்தார். ஒரு காய்ந்த கிளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தார். மாப்பிள்ளை அலறினான். திரும்பி ராத்தாவைப் பார்த்தேன். அவருடைய முப்பத்திரண்டு பற்களும் தெரிந்தன. அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

கிழவி நகரவில்லை. இருவருக்கும் நடுவில் தன் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாள். ஊ போஜி அவளைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது, வேகம் குறைந்தது. மாப்பிள்ளை ஓடவில்லை. அலறிக்கொண்டே, நடுங்கிக்கொண்டே, மணிக்கட்டை மடக்கிப் புறங்கையை நீட்டினான். எந்தக் கப்பலிலும் யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. வலை வழியே இந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும். ஊ போஜி அந்தக் கையைப் பிடித்தார். வாய்க்குக் கொண்டு போனார். ஊ சோ டின் குழாயை உயர்த்தினார். ராத்தா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கடிக்கவில்லை. கையைத் திருப்பினார். தான் கடித்துத் துண்டாக்கிய அந்த அரை விரலைக் கண்டார். குனிந்து பார்த்தார், முகர்ந்தார். பிறகு தரையில் சம்மணமாக உட்கார்ந்து, ஆறிப்போன அந்தத் தழும்பைச் சுற்றியிருந்த மயிரைப் பிரித்துப் பிரித்து, சப்புக்கொட்டிக்கொண்டு சுத்தம் பண்ண ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அலறல் விக்கலாகி, விக்கல் நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊ சோ டின் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "ஹோட்டல்காரருக்கு நான் போன் பண்ணிடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ராத்தா சகனைப் புளி போட்டுத் தேய்த்துச் சாக்கில் கட்டிக்கொண்டார். வட்ட ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தார்; நானும் கூடவே பள்ளிவாசல் வரை போனேன். பள்ளிவாசலின் பின்வாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டிகளோடு வரிசை நின்றது. பர்கத்துல்லா பாய் அகப்பையும் கையுமாக அண்டாவுக்குப் பின்னால் நின்றார். சாக்கைப் பிரித்துச் சகனைப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

"அஞ்சு மாசம் இழுத்தடிச்சுட்டு, இப்புடியா கொண்டாந்து குடுக்கறது? என்னா கல்யாணம்மா இது? யாரு வூட்டு மாப்ள?"

பதில் சொல்ல எவ்வளவோ இருந்தது.  ராத்தா உதட்டை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மணிக்கட்டை மடக்கிப் புறங்கையை அவருக்கு முன்னால் நீட்டினார்.

பாய் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அந்தக் கையைப் பார்த்தார். அகப்பையை அண்டாவில் சாய்த்துவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்து இரண்டு பேரீச்சம்பழங்களை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் புறங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

ராத்தா கையைத் திருப்பினார்.